ரெட் அலர்ட்டும் மூன்று பூனைக்குட்டிகளும்!

எங்கள் வீட்டில் தினமும் காலை மூன்று செய்தி அறிக்கைகள் வெளியாகும். முதல் அறிக்கை அத்தையுடையது. ஐந்தரை மணிக்குக் கொல்லைக் கதவைத் திறந்து வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "கெழக்க கறுத்திருக்கு" என்றோ, "வெளுத்துப் போச்சு, துணி காயும்" என்றோ ஒரு வரியில் முடித்துவிடுவார். இரண்டாவது, என் கணவர் போடும் டி.வி. அதில் ஒரே விஷயத்தை அரை மணி நேரம் சொல்வார்கள். மூன்றாவது அறிக்கை பூனையுடையது. அது சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே குதித்து, அடுப்பு மேடையின் ஓரமாக நடந்து, என் காலைச் சுற்றிவரும். உடம்பு ஈரமாக இருந்தால் வெளியே தூறல். பாதம் மட்டும் ஈரமென்றால் ராத்திரி பெய்து ஓய்ந்திருக்கிறது.

மூன்றில் எது சரியாக இருக்கும் என்று கேட்டால், பெரும்பாலும் மூன்றாவதுதான். ஆனால் பூனைக்கு நடந்து முடிந்த மழையைத்தான் சொல்லத் தெரியும். வரப்போகும் மழையைச் சொல்ல டி.வி-யும் அத்தையும்தான்!

நாங்கள் இருப்பது தென்சென்னையில், வேளச்சேரிப் பக்கம். தரைத்தளம். இந்த ஊரில் ஐப்பசி பிறந்துவிட்டால் தரைத்தளத்துக்காரர்களை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். ஒரு கண் வானத்தில் இருக்கும், இன்னொரு கண் தெருவில் இருக்கும்.

அத்தையின் கேள்வி

தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து வளர்ந்த அத்தைக்கு வயது எண்பது. தட்டான் தாழப் பறந்தால் மழை, எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போனால் மழை என்று அவரிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. 'அந்தி மழை அழுதாலும் விடாது' என்பார். அதற்காக டி.வி-யை அலட்சியப்படுத்துபவரும் இல்லை. புயல் நேரத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்னால் உட்கார்ந்துவிடுவார்.

"சென்னைக்குத் தென்கிழக்கே முந்நூறு கிலோமீட்டர்ல நிக்குதாம். கடல்ல எங்க நிக்குதுன்னு நல்லாதான் சொல்றாங்க. நம்ம தெருவுல எங்க நிக்கும்னு யாரும் சொல்லலியே?"

சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் யோசித்தால், நம் எல்லோருடைய கேள்வியும் அதுதான்.

இந்திய வானிலை ஆய்வு மையம் சொல்லும் 'கனமழை', 'மிக கனமழை', 'அதி கனமழை' எல்லாவற்றுக்கும் அளவு இருக்கிறது. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் கனமழை. 115.6-ஐத் தொட்டால் மிக கனமழை. 204.4-ஐத் தாண்டினால் அதி கனமழை. இந்த 24 மணி நேரமும் நள்ளிரவில் தொடங்குவதில்லை. காலை எட்டரையிலிருந்து மறுநாள் காலை எட்டரை வரைதான் கணக்கு.

மில்லிமீட்டர் என்றால் எனக்குச் சட்டென்று புரியாது. அதனால் நானே வீட்டுக் கணக்காக மாற்றிக்கொண்டேன். ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். நம் ஊர்க் கணக்கில் ஒரு கிரவுண்ட், அதாவது 2,400 சதுர அடி மனையில் 20 செ.மீ மழை பெய்தால், விழுவது 44,000 லிட்டருக்கும் மேல். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஏறத்தாழ நாலு! கோடையில் ஒரு லாரிக்காகத் தவம் கிடக்கிறோம். மழைக்காலத்தில் ஒவ்வொரு வீட்டு மனையிலும் ஒரே நாளில் நாலு லாரித் தண்ணீரை வானம் இலவசமாகக் கொட்டிவிட்டுப் போகிறது. அது போவதற்கு வழிதான் வேண்டும்.

எங்கள் பகுதித் தண்ணீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய், பிறகு கோவளம் முகத்துவாரம் வழியாகக் கடல். 2022-ல் ராம்சார் பட்டியலில் இடம்பிடித்த அந்தச் சதுப்பு நிலத்தில் இன்று மிஞ்சியிருப்பது பழைய பரப்பில் சிறு பகுதிதான். மீதியில் எங்களைப் போன்றவர்கள் ஹால், கிச்சன், பெட்ரூம் என்று கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் வந்தது என்கிறோம். தண்ணீரைக் கேட்டால் அது வேறு மாதிரிச் சொல்லும்.

வெள்ளச்சி

2023 டிசம்பருக்கு முன்பு எங்கள் வீட்டில் வெள்ளச்சி என்று ஒரு பூனை இருந்தது. உடம்பெல்லாம் வெள்ளை, வால் மட்டும் கறுப்பு. அத்தைக்கு ஆறு வருடத் துணை. மத்தியானம் அத்தை படுத்தால் அதுவும் படுக்கும். அத்தை எழுந்தால் அதுவும் எழும். வெளியே போகவும் வரவும் அதற்குச் சமையலறை ஜன்னல்தான் வாசல். கம்பிக்கு நடுவே ஒரு பூனை நுழையும் இடைவெளி இருந்தது.

மிக்ஜாம் புயல் வந்தது. மியான்மர் வைத்த பெயர் அது. எழுதுவது ஒரு மாதிரி, உச்சரிப்பது வேறு மாதிரி என்று எல்லோரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். டிசம்பர் 3-ம் தேதி இரவு மழை பிடித்துக்கொண்டது. காற்று சுழற்றிச் சுழற்றி அடித்ததில் சமையலறை ஜன்னல் வழியாகச் சாரல் உள்ளே வந்து, அடுப்பு மேடையெல்லாம் தண்ணீர். தீப்பெட்டி நனைந்தது, பருப்பு டப்பா நனைந்தது. இரவு பத்து மணி இருக்கும், நான் ஜன்னலைச் சாத்திக் கொக்கியைப் போட்டேன். பூனை அத்தையின் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது என்று நினைத்தேன். குனிந்து பார்க்கவில்லை.

மறுநாள் விடிவதற்குள் தண்ணீர் வாசற்படி ஏறிவிட்டது. மத்தியானம் கூடத்துக்குள் முழங்கால் அளவு. மாடி வீடு அப்போது ஆள் இல்லாமல் பூட்டிக் கிடந்தது. மொட்டை மாடிக்குப் போகும் படிக்கட்டில் பாயை விரித்து அத்தையை உட்கார வைத்தோம். அந்த இரவு முழுவதும் அங்கேதான். கரன்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. உலகமெல்லாம் எங்களைச் செய்தியில் பார்த்துக்கொண்டிருந்தபோது எங்களுக்கு மட்டும் எந்தச் செய்தியும் இல்லை.

"வெள்ளச்சி... வெள்ளச்சி..." என்று அத்தை இருட்டில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஒருமுறை பதில் குரல் கேட்ட மாதிரி இருந்தது. எந்தப் பக்கத்திலிருந்து என்று தெரியவில்லை.

5-ம் தேதி காலை படகு வந்தது. உறவினர் வீட்டுக்குப் போய்விட்டு, தண்ணீர் வடிந்து 8-ம் தேதி திரும்பினோம். சுவரில் மூன்றடி உயரத்துக்குச் சேற்றுக் கோடு. ஃபிரிட்ஜ் மல்லாந்து கிடந்தது. சமையலறை ஜன்னல் சாத்தியபடியே இருந்தது. வீட்டுக்குள் பூனை இல்லை. கட்டிலுக்கு அடியில் இல்லை, பரணிலும் இல்லை. அப்படியென்றால் அன்று இரவு அது வெளியேதான் இருந்திருக்கிறது.

யார் சாத்தியது என்று அத்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டில் சமையலறை ஜன்னலைச் சாத்த என்னைவிட்டால் ஆள் கிடையாது என்பது அவருக்குத் தெரியாதா என்ன? பல நாள்கள் வரை மதில்மேல் ஒரு கிண்ணத்தில் தயிர்சாதம் வைத்தார். காக்கை தின்றது. பிறகு அதையும் நிறுத்திவிட்டார்.

ஊரில் உயிர்கள் போயிருக்கின்றன. பக்கத்துத் தெருவில் ஒருவருடைய பட்டறை முழுவதும் போயிற்று. அதற்கு நடுவே ஒரு பூனையைப் பற்றி யாரிடம் பேசுவது? பேசாமலே ஒரு வருடம் ஓடிவிட்டது.

கட்டியம் கூறிய கலர்கள்

2024 ஆகஸ்டில் ஒரு வரிப்பூனை கொல்லைப்புறத்தில் நடமாட ஆரம்பித்தது. எட்டாவது படிக்கும் என் மகள் அதற்கு 'வரிக்காரி' என்று பெயர் வைத்தாள். அத்தை கண்டுகொள்ளவே இல்லை. "இனிமே பூனை, நாயி எதுவும் வேணாம்மா. வயசாயிடுச்சு" என்று சொல்லிவிட்டார். செப்டம்பர் கடைசியில், வாஷிங் மெஷின் வந்த பழைய அட்டைப்பெட்டிக்குள் அது மூன்று குட்டி போட்டது. அப்போதும் அத்தை, "அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றதோடு சரி.

அக்டோபர் இரண்டாவது வாரம் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி என்றார்கள். சென்னைக்கு ரெட் அலர்ட் என்றார்கள். பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். கடைகளில் பால், ரொட்டி, மெழுகுவத்தி எல்லாம் தீர்ந்தன. வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் கார்கள் வரிசையாக ஏறி நின்றதை நீங்களும் டி.வி-யில் பார்த்திருப்பீர்கள். பலர் சிரித்தார்கள். மிக்ஜாமில் என்ஜினுக்குள் தண்ணீர் புகுந்து பல ஆயிரம் செலவழித்தவர்கள் சிரிக்கவில்லை.

இந்த நிறங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பச்சை என்றால் எச்சரிக்கை இல்லை. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள். ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள். சிவப்பு என்றால் நடவடிக்கையில் இறங்குங்கள். பெரும்பாலும் அதிகாரிகளுக்கும் மீட்புப் பணியில் இருப்பவர்களுக்கும் என்று வகுத்த நிறங்கள் இவை. நாமோ பரீட்சை மார்க் மாதிரி பார்க்கிறோம். ரெட் என்று சொல்லிவிட்டு மழை வரவில்லையென்றால் 'ஃபெயில்' என்கிறோம்.

என் மகள் குட்டிகளுக்குப் பெயரே வைத்துவிட்டாள். செம்மஞ்சள் நிறக் குட்டி, ஆரஞ்சு. வெளிர்நிறக் குட்டி, மஞ்சள். மூன்றாவது கரிக்கறுப்பு. ஆனால் மூன்றில் அதுதான் அடங்காப்பிடாரி, எனவே அது ரெட்!

14-ம் தேதி சாயங்காலம் நாங்கள் மூட்டை கட்டினோம். ரேஷன் கார்டு, பத்திரம், மாத்திரை, சார்ஜர் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு மாடிக்கு அனுப்பினோம். மாடியில் இப்போது ஒரு ரிட்டயர்டு சார் குடியிருக்கிறார். மனைவியும் அவரும் மட்டும். "ராத்திரி மேல வந்துடுங்க, கூச்சப்படாதீங்க" என்று அவராகவே சொல்லியிருந்தார். அத்தையைக் கைபிடித்துக் கிளப்பினேன். வாசலில் நின்றுவிட்டார்.

"அந்தப் பெட்டியையும் எடுத்துக்கங்க."

"அத்தை, சாருக்குப் பூனைன்னா ஆகாது. போன மாசம்கூட விரட்டினாரே..."

"ஆகாட்டி நானும் இங்கயே இருக்கேன்."

எண்பது வயதில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். பூனைக்கு யார் மணி கட்டுவது என்பார்கள். எங்கள் வீட்டில் பூனையை யார் தூக்குவது என்பதே பிரச்னையாகிவிட்டது.

என் கணவர்தான் போனார். குட்டிகளை எடுத்தால் தாய் பின்னாலேயே வரும் என்று நினைத்து வெறும் கையால் தூக்கினார். வரிக்காரி கோடு போட்டது மாதிரி அவர் மணிக்கட்டில் ஒரு கீறு கீறிவிட்டது. லேசாக ரத்தம்.

சின்னக் கீறல்தானே என்று நாங்கள் விட்டுவிடவில்லை, நீங்களும் விட்டுவிடாதீர்கள். ரேபிஸ் நாயிடமிருந்து மட்டும் வருவதில்லை, பூனையிடமிருந்தும் வரலாம். கீறலோ கடியோ, உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பக் கூடாது. தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம். கையில் தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள் என்று நாலு தடவை. மறுநாள் கொட்டும் மழையில் குடை பிடித்துக்கொண்டு போய் முதல் ஊசி போட்டுக்கொண்டு வந்தார்.

பூனையைத் தூக்கும் வித்தை அதன்பிறகுதான் கற்றோம். தடிமனான துண்டை மேலே போட்டுத் தாயை முதலில் மூடிபோட்ட கூடைக்குள் விட வேண்டும். குட்டிகளை அது பார்க்கும்படி கூடவே வைக்க வேண்டும். தாயைப் பிரித்துக் குட்டியைத் தூக்கினால் அதற்கு நாம் மீட்புக் குழு இல்லை, திருடர்கள்தான். அத்தை கூடைக்கு அருகே உட்கார்ந்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். ஊர்வலமாக மாடி ஏறினோம்.

கிளம்பும்போது அத்தை என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "சமையக்கட்டு ஜன்னல சாத்தாதம்மா. வேற ஏதாச்சும் ஜீவன் உள்ள வரணும்னா வரட்டும்."

அவ்வளவுதான். ஒரு வருடமாகக் கேட்காத கேள்வியும் அதிலேயே இருந்தது. நான் சொல்லாத பதிலுக்கு அவர் தந்த மன்னிப்பும் அதிலேயே இருந்தது. நான் திரும்ப உள்ளே போய்க் கொக்கியைக் கழற்றிவிட்டு வந்தேன். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு வந்தேன் என்பதுதான் உண்மை.

வராத மழை

15-ம் தேதி நன்றாகவே பெய்தது. தெருவில் கணுக்கால் அளவு தேங்கி, இரவே வடியத் தொடங்கிவிட்டது. ரெட் அலர்ட் தொடர்ந்த 16-ம் தேதியோ பல இடங்களில் தூறலோடு சரி. 17-ம் தேதி அதிகாலையில் அந்தத் தாழ்வு மண்டலம் சென்னைக்கு வடக்கே கரையைக் கடந்து போய்விட்டது.

அவ்வளவுதான், எல்லோரும் வானிலைக்காரர்களைப் பிடித்துக்கொண்டார்கள். மீம்ஸ் பறந்தன. "ரெட் அலர்ட்டாம் ரெட் அலர்ட்டு" என்று எங்கள் தெருவில் துணி காயப்போட்டபடி கேலி செய்தார்கள். கடலில் சுழலும் மேகக்கூட்டம் சில பத்து கிலோமீட்டர் தள்ளிப் போனாலும், வறண்ட காற்று நடுவில் புகுந்தாலும் மழை இடம் மாறிவிடும். எச்சரிக்கையும் மாவட்டத்துக்குத்தான் கொடுக்கிறார்கள், நம் தெருவுக்கு அல்ல. இதெல்லாம் தெரிந்தும் ஏமாந்த மாதிரிதான் இருந்தது. மூட்டையை அவிழ்ப்பது, கட்டுவதைவிடச் சிரமம்!

ஆனால் அந்த இரண்டு நாளில் நடந்ததையும் கணக்கில் சேர்க்க வேண்டுமே? பூனை என்றால் ஆகாத மாடி சார், இரவில் பெட்டி பக்கம் டார்ச் அடித்து எட்டிப் பார்த்தார். "பால் ஏதாவது வைக்கவா?" என்று கேட்டார். பசும்பால் குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கைத்தான் கொடுக்கும், தாய்ப்பாலே போதும் என்று என் மகள் பாடம் நடத்தினாள். வேகவைத்த கோழியை உப்பு, காரம் இல்லாமல் தாய்க்கு வைத்தார் மாடி வீட்டு அம்மா. இரண்டாம் நாள் காலை 'ரெட்' சாரின் செருப்புக்குள் படுத்துத் தூங்கியது. அவர் வேறு செருப்பு போட்டுக்கொண்டு பேப்பர் வாங்கப் போனார்.

வராத மழைக்குத் தயாரானது வீணா என்று அத்தையிடம் கேட்டேன். "பரீட்சைக்குப் படிச்ச கேள்வி வரலன்னா படிச்சது வீணாப் போயிடுமா?" என்றார்.

நம் தெருவில் பெய்யாத மழை

நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் வந்தது. இது சவுதி அரேபியா வைத்த பெயர். வட இந்தியப் பெருங்கடல் புயல்களுக்கு 13 நாடுகள் ஆளுக்கு 13 பெயராகக் கொடுத்த பட்டியல் இருக்கிறது. இந்தியா கொடுத்ததில் 'முரசு' என்று நம் தமிழ்ப் பெயரும் உண்டு. என் மகளுக்கு அதில் பெருமை. அத்தைக்கு இல்லை. "நல்ல பேரை எதுக்குப் புயலுக்கு வைக்கணும்?"

இந்த முறை யாரும் சொல்லாமலே நாங்கள் தயார். கூடை, துண்டு, மூட்டை, டார்ச் எல்லாம் எடுத்து வைத்தோம். குட்டிகளுக்கு இரண்டு மாதம் ஆகியிருந்தது. சென்னையில் அன்று விமான நிலையத்தை மூடும் அளவுக்கு மழை. தெருவில் தண்ணீர் நின்றது, ஆனால் எங்கள் படி ஏறவில்லை. புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. 'அப்பாடா, தப்பித்தோம்' என்று சொல்லிவிட்டுத் தூங்கினோம்.

விடிந்தால் டி.வி-யில் விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் 51 செ.மீ என்று ஓடியது. புதுச்சேரியில் 48 செ.மீ-க்கும் மேல். அடுத்த நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 செ.மீ. தென்பெண்ணையில் வெள்ளம். திருவண்ணாமலையில் மலையடிவார வீட்டின் மேல் மண் சரிந்து, குழந்தைகள் உட்பட ஏழு பேர் உயிரோடு புதைந்துபோனார்கள்.

'தப்பித்தோம்' என்று முந்தின இரவு சொன்ன வார்த்தை தொண்டையில் நின்றது. நமக்குப் பெய்யாத மழை எங்கேயோ காணாமல் போவதில்லை. வேறு யாருடைய வாசற்படியிலோ ஏறிவிடுகிறது. எங்கள் தெருவில் சிரித்துக்கொண்டே துணி காயப்போட முடிகிறதென்றால், அதே நேரம் எங்கேயோ ஒரு மருமகள் இருட்டில் படிக்கட்டில் உட்கார்ந்து, மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பாள்.

அத்தை டி.வி-யையே பார்த்துக்கொண்டிருந்தார். 'ரெட்' அவர் மடியில் ஏறிச் சுருண்டுகொண்டது. "இனிமே எதுவும் வேணாம்" என்றவர், சத்தம் வராமல் ரிமோட்டில் ஒலியைக் குறைத்தார். பூனை தூங்க வேண்டுமாம்!

மார்கழி பிறக்கப்போகிறது. 'கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை' என்ற பழமொழியை அத்தையே இப்போது நம்புவதில்லை. டிசம்பரில் வந்த தண்ணீரைப் பார்த்தவர் அல்லவா? வரிக்காரிக்கும் குட்டிகளுக்கும் தடுப்பூசி போடவும், வயது வந்ததும் கருத்தடை செய்யவும் கால்நடை மருத்துவரிடம் பேசியிருக்கிறோம். இல்லையென்றால் அடுத்த வருடம் எச்சரிக்கைக்கு இத்தனை நிறங்கள் போதாது. மஞ்சளை மாடி சார் கேட்டிருக்கிறார்.

சமையலறை ஜன்னல் மட்டும் இப்போதும் ஒரு சாண் திறந்தே இருக்கிறது. சாரல் அடிக்கும் இரவுகளில் அடுப்பு மேடை நனைந்துவிடுகிறது. தீப்பெட்டியை டப்பாவுக்குள் போட்டுவிட்டேன், பருப்பை அலமாரிக்கு மாற்றிவிட்டேன். காலையில் எழுந்ததும் ஒரு பழைய துணியை எடுத்து மேடையைத் துடைக்கிறேன். நாலைந்து ஈரப் பாதச் சுவடுகள் இருக்கும். ராத்திரி மழை பெய்திருக்கிறது, எல்லோரும் வீடு வந்து சேர்ந்திருக்கிறார்கள். அதுதான் எனக்கு அன்றைய முதல் செய்தி.